சிங்கோனா: ஒரு மரப்பட்டையின் பயணம்

வால்பாறைக்குப் பக்கத்தில் மரத்தின் பெயரால் ஓர் ஊர் இருக்கிறது. பேருந்தின் பெயர்ப்பலகையில் ‘சிங்கோனா’ என்று எழுதியிருக்கும். ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் அது ஊர்ப்பெயர், அவ்வளவுதான். இறங்கி நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. ஊருக்குப் பெயர் கொடுத்த மரத்தை நின்று தேட வேண்டும்.

இந்த மரம் நம் மலைகளுக்குச் சொந்தமானதல்ல. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச் சரிவில் பிறந்தது. திருட்டுத்தனமாகவும் விலை கொடுத்தும் எடுக்கப்பட்டு, கண்ணாடிப் பெட்டிகளில் கடல் தாண்டி ஊட்டிக்கு வந்தது. நடுவட்டத்தில் காடாக வளர்ந்தது, ஆனைமலைக்குப் பரவியது, இரண்டு உலகப் போர்களைப் பார்த்தது, பிறகு தேயிலைக்கு இடம் விட்டு ஒதுங்கியது. அது போன வழியெல்லாம் மனிதர்களும் இடம் பெயர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தாங்களாக விரும்பிப் புறப்பட்டவர்கள் அல்லர்.

காய்ச்சலுக்கு ஒரு பட்டை

ஈக்வடார், பெரு, பொலிவியா நாடுகளின் மலைக்காடுகளில் சிங்கோனா இனத்தைச் சேர்ந்த மரங்கள் பல வளர்கின்றன. காப்பிச் செடியின் குடும்பம்தான். பார்ப்பதற்குப் பெரிய அழகில்லை, மதிப்பெல்லாம் பட்டையில். உரித்துக் காயவைத்துப் பொடித்தால் நாக்கில் வைக்க முடியாத கசப்பு. அந்தக் கசப்புப் பொடியை 17-ஆம் நூற்றாண்டில் ஏசு சபைப் பாதிரிமார்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். ரோம் நகரைச் சுற்றியிருந்த சதுப்பு நிலங்களில் ஆண்டுதோறும் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்த முறைக்காய்ச்சல் அதற்கு அடங்கியது. 1820-இல் பாரிஸ் நகரத்து மருந்தியலாளர்கள் பெல்லெத்தியேயும் கவெந்துவும் பட்டையிலிருந்து மருந்துச் சத்தைத் தனியே பிரித்தெடுத்தார்கள். அதுதான் குயினைன். நம் தாத்தா பாட்டிகள் ‘கொயினா’ என்று சொல்லி முகம் சுளித்தது இதைத்தான்.

அது எப்படி வேலை செய்கிறது என்பது வெகுகாலம் யாருக்கும் புரியவில்லை. மலேரியாக் கிருமி நம் சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்று வாழ்கிறது. தின்றதில் மிஞ்சும் நச்சுப் பொருளைப் படிகமாக மாற்றி ஒதுக்கிவைத்தால்தான் அதற்குப் பிழைப்பு. கொயினா அந்தப் படிகமாக்கலைக் கெடுக்கிறது. தன் கழிவே நஞ்சாகிக் கிருமி சாகிறது.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தப் பட்டை பேரரசுகளின் விஷயமாகிவிட்டது. இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பகைவர்களைவிடக் காய்ச்சல்தான் அதிகம் வீழ்த்தியது. பட்டைக்கு ஒரே வாசல் ஆண்டிஸ் நாடுகள். அங்கோ மரத்தை வெட்டிச் சாய்த்து உரிக்கிற பழக்கத்தால் காடு குறைந்துகொண்டே வந்தது. விலை ஏறியது. டச்சுக்காரர்கள் முந்திக்கொண்டு 1850-களிலேயே ஜாவாவில் செடிகளை நட்டுப் பார்த்தார்கள். ஆங்கிலேயருக்குப் பொறுக்கவில்லை.

கண்ணாடிப் பெட்டியில் கடல் பயணம்

லண்டன் இந்தியா அலுவலகத்தில் எழுத்தராக இருந்த கிளமெண்ட்ஸ் மார்க்கம் இந்த வேலையை ஏற்றுக்கொண்டார். பெரு நாட்டை முன்பே சுற்றிப் பார்த்தவர், ஸ்பானிய மொழி அறிந்தவர். 1860-இல் தெற்குப் பெருவின் கரவாயாக் காடுகளில் செடி சேகரித்தார். விஷயம் கசிந்து, உள்ளூர் அதிகாரிகள் வழி மறிக்கத் தயாராக இருந்தார்கள். வழக்கமான பாதையை விட்டுவிட்டு மலைகளைக் குறுக்கே கடந்து துறைமுகம் சேர்ந்தார். அவர் பட்ட பாட்டுக்குப் பலன் கிடைக்கவில்லை. பனாமா, இங்கிலாந்து, செங்கடல், பம்பாய் என்று சுற்றிவந்த செடிகள் செங்கடல் வெக்கையில் வதங்கிப்போயின. அந்த ஆண்டின் இறுதியில் ஊட்டியை அடைந்தவையும் தேறவில்லை.

காரியத்தைச் சாதித்தது இன்னொரு குழு. அமேசான் காடுகளில் பல ஆண்டுகளைக் கழித்த தாவரவியலாளர் ரிச்சர்ட் ஸ்புரூஸ், ஈக்வடாரில் சிம்போராசோ மலையடிவாரத்தில் நில உரிமையாளர்களுக்குப் பணம் கட்டி, சிவப்புப் பட்டை மரங்களின் விதைகளையும் நாற்றுகளையும் சேர்த்தார். துணைக்கு வந்தவர் தோட்டக் கலைஞர் ராபர்ட் கிராஸ். சுமார் ஒரு லட்சம் விதைகள், 637 நாற்றுகள். கண்ணாடிப் பெட்டிகளைத் தெப்பத்தில் ஏற்றி, வெள்ளம் சுழித்தோடும் ஆற்றில் இறக்கி, குவாயாகில் துறைமுகம் கொண்டுவந்தார்கள். விதைகள் தபாலில் முன்னே போயின. நாற்றுகளுடன் கிராஸ் கப்பலேறினார். 1861 ஏப்ரலில் ஊட்டி வந்து சேர்ந்தபோது உயிரோடிருந்த சிவப்புப் பட்டைச் செடிகள் 463.

அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். லண்டன் மருத்துவர் நத்தேனியல் வார்டு கண்டுபிடித்தது. மூடிய பெட்டிக்குள் செடி விடும் ஈரம் கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணுக்கே இறங்கும். மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், உப்புக் காற்றும் அண்டாது. 1840-களின் கடைசியில் ராபர்ட் பார்ச்சூன் என்பவர் சீனாவிலிருந்து தேயிலைச் செடிகளை ஆயிரக்கணக்கில் இமயமலைச் சாரலுக்குக் கடத்தி வந்ததும் இதே பெட்டிகளில்தான். செடிகளோடு தேயிலை பக்குவம் செய்யத் தெரிந்த சீனத் தொழிலாளர்களையும் அழைத்து வந்தார். சீனத்துத் தேயிலையும் ஆண்டிஸ் சிங்கோனாவும் ஒரே தொழில்நுட்பத்தால் ஒரு பேரரசின் கைக்கு மாறின. பிற்காலத்தில் நம் மலையில் ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடித்தது.

மெக்கைவரின் தோட்டம்

அந்த நாளில் ஊட்டி கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. நீலகிரி தனி நிர்வாகமானது 1868-இல்தான். 1819-இல் மலையேறி ஊட்டியை வெளியுலகுக்குக் காட்டிய ஜான் சல்லிவனும் கோயம்புத்தூர் கலெக்டரே. ஆகவே தென்னிந்தியாவின் முதல் சிங்கோனா நாற்று மண் தொட்டது அன்றைய கணக்கில் கோயம்புத்தூர் ஜில்லாவில் என்று நாம் சொந்தம் கொண்டாடலாம்.

ஊட்டி அரசுத் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் வில்லியம் கிரகாம் மெக்கைவர். பூங்காவை உருவாக்கியவரும் அவரே. விதைகளை முளைக்கவைத்து, கிளைகளைப் பதியம் போட்டு, கணுக்களை வெட்டி நட்டு, சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கை லட்சக்கணக்காக்கினார். தொட்டபெட்டாவின் உயரமும் குளிரும் ஒரு வகைக்குப் பொருந்தின. சிவப்புப் பட்டைக்கோ கொஞ்சம் கீழே, மழை அதிகமுள்ள சரிவு வேண்டியிருந்தது. கூடலூர் இறங்கும் வழியில் சுமார் 6,000 அடி உயரத்தில் உள்ள நடுவட்டம் அதற்கு வாய்த்தது.

மெக்கைவர் பெயர் நிலைத்தது ஒரு சின்ன உத்தியால். ஆண்டிஸில் மரத்தை வெட்டிச் சாய்த்துப் பட்டை எடுத்தார்கள். இவர் நிற்கும் மரத்தில் நீளவாக்கில் பட்டைக் கீற்றுகளை மட்டும் உரித்தார். உரித்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டினார். பாசிக்கடியில் புதுப்பட்டை வளர்ந்தது. அப்படி வளர்ந்த பட்டையில் மருந்துச் சத்து முதல் பட்டையைவிட அதிகமாகவே இருந்தது. ஒரே மரத்தை மறுபடி மறுபடி உரிக்க வழி பிறந்தது.

காடு வெட்ட, குழி தோண்ட, பாத்தி கட்ட, பாசி சுற்ற ஆட்கள் வேண்டும். எட்டாத மலை, ஓயாத மழை, கீழ்நாட்டுக் கூலிகள் தங்க மறுத்த இடம். அரசாங்கத்துக்கு மலிவான வழி ஒன்று தெரிந்தது: தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் கைதிகளைக் கொண்டு வேலை வாங்கினார்கள். நடுவட்டத்தில் தோட்டத்தை ஒட்டியே சிறை எழுந்தது. அந்தச் சிறைக்கு வந்தவர்களில் சீனர்களும் இருந்தார்கள்.

நடுவட்டத்துச் சீனர்கள்

இவர்கள் எப்படி இங்கே வந்தார்கள் என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு. நடுவட்டத்தில் பயணிகளுக்குச் சொல்லப்படுவது, இரண்டாம் ஓப்பியப் போரில் பிடிபட்ட போர்க்கைதிகள் என்பது. எட்கர் தர்ஸ்டன் எழுதிவைத்தது வேறு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்து, தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகள் 1909-இல் வெளியிட்டவர் அவர். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றப் பகுதிகளில் தண்டனை பெற்று, அங்கே சிறைகளில் இடம் போதாமல் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் என்கிறார். அப்படியானால் இவர்கள் சீனாவிலிருந்து பிழைப்புத் தேடித் தென்கிழக்கு ஆசியாவுக்குக் கப்பலேறியவர்கள். அங்கிருந்து விலங்கோடு மறுபடி கப்பலேறியவர்கள். கடல் கடந்த சீனர்கள் என்று இன்று உலகம் அழைக்கும் பெருங்கூட்டத்தின் ஒரு துளி நீலகிரியில் வந்து விழுந்தது.

அதே காலத்தில் எதிர்த் திசையிலும் கப்பல்கள் போயின. சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களின் கைதிகளைச் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் நாடு கடத்தினார்கள். சாலைகளும் கால்வாய்களும் அவர்கள் கையால் ஆனவை. சிங்கப்பூரின் புனித அந்திரேயா தேவாலயத்தைக் கட்டிய கைகளும் இந்தியக் கைதிகளுடையவை. இங்கிருந்து போனவன் அங்கே கல் சுமக்க, அங்கிருந்து வந்தவன் இங்கே குழி தோண்டினான். சொந்த ஊரிலிருந்து பிடுங்கி அந்நிய மண்ணில் விட்டால் ஓட இடமிருக்காது என்பது கணக்கு. மராட்டிய மலைநகரமான மகாபலேசுவரத்திலும் இதே ஏற்பாடு இருந்தது. அங்கே சீனக் கைதிகள் போட்ட காய்கறித் தோட்டங்கள் பேர்பெற்றவை.

ஓட இடமில்லாவிட்டாலும் ஓடிப் பார்த்தார்கள். 1908-இல் வெளியான நீலகிரி கெசட்டியரில் டபிள்யூ. பிரான்சிஸ் ஒரு சம்பவத்தைப் பதிவு செய்திருக்கிறார். 1860-களின் இறுதியில், புயல் மழை அடித்த ஓர் இரவில் சீனக் கைதிகள் பன்னிரண்டு பேர் தப்பினார்கள். மலை முழுக்கத் தேடல். இரண்டு வாரம் கழித்து மலபாரில் பிடிபட்டார்கள். கையில் போலீஸ் ஆயுதங்கள் இருந்தன. தேடப்போன போலீஸ்காரர்களில் நான்கு பேரைக் காணவில்லை. சிஸ்பாரா மலைப்பாதையோரக் காட்டில் நான்கு உடல்களும், வெட்டிய தலைகள் தோளுக்குமேல் பொருத்திவைக்கப்பட்டு வரிசையாகக் கிடந்தன. தப்பியோடியவர்களில் யார் எந்த ஊர், என்ன குற்றம், எதை நம்பி அந்த மழையில் இறங்கினார்கள் என்பதற்கு அந்தப் பக்கத்தில் இடமில்லை.

தண்டனை முடிந்தவர்களில் சிலர் ஊர் திரும்பவில்லை. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே குடியமர்ந்தார்கள். தமிழ்ப் பெண்களை மணந்தார்கள். காய்கறி போட்டார்கள், கொஞ்சம் காப்பி வைத்தார்கள், மாடு வளர்த்துப் பால் விற்றார்கள். தர்ஸ்டன் அந்தக் குடும்பங்களை நேரில் பார்த்தார். தலை, மூக்கு, தோள் என்று அளக்கும் கருவிகளோடு போவது அவர் வழக்கம். சீனத் தகப்பனுக்கும் தமிழ்த் தாய்க்கும் பிறந்த பிள்ளைகளையும் அளந்தார். நிறம், கண், முக அமைப்பு என்று குறிப்பெடுத்தார். அந்த எழுத்தில் மனிதக் குரல் கேட்கிற இடம் ஒன்றே ஒன்று. குடும்பத் தலைவரான சீனருக்கு வாழ்க்கையில் ஒரே மனக்குறையாம்: கிறிஸ்தவராக மாறியபோது தன் பின்னலை வெட்டிக்கொள்ள நேர்ந்தது. சொந்த ஊரின் அடையாளம் அந்தப் பின்னல்.

இங்கே இந்தக் கதையின் கோணல் தெரிகிறது. குவாயாகிலில் ஏறிய நாற்று 637, ஊட்டியில் இறங்கியது 463 என்று ஒற்றைச் செடிக்கும் கணக்கு வைத்திருந்தது அரசாங்கம். எந்தச் சரிவில் எந்த வகை, எவ்வளவு உயரம், பட்டையில் எத்தனை சதவீதம் சத்து என்று ஆண்டறிக்கைகள் பேசின. செடியை நட்டவனைப் பற்றிக் கேட்டால் ‘சீனக் கைதி’ என்ற இரண்டு சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

தபால் நிலையத்தில் ஒரு பொட்டலம்

பட்டை விளைந்ததும் அடுத்த கேள்வி, அதிலிருந்து மருந்தை மலிவாக எடுப்பது. நீலகிரியில் நிறைய இருந்த சிவப்புப் பட்டையில் மொத்தச் சத்து அதிகம், கொயினா குறைவு. அதன் உறவுச் சத்துகள்தான் மிகுதி. அவையும் காய்ச்சலைத் தணிக்குமா என்று 1866-இல் சென்னை, பம்பாய், கல்கத்தா மருத்துவர்கள் சோதித்தார்கள். கொயினாவும் அதன் உறவுச் சத்துகள் மூன்றுமாக நான்குமே வேலை செய்தன. அதே ஆண்டு ஜான் பிராட்டன் என்ற வேதியியலாளர் ஊட்டிக்கு வந்து சில வருடம் உழைத்தார். மலிவு மருந்துத் திட்டம் எதிர்பார்த்தபடி அமையவில்லை. 1889-இல்தான் நடுவட்டத்தில் அரசுக் கொயினா தொழிற்சாலை ஓடத் தொடங்கியது.

மருந்தைக் கிராமத்துக்குக் கொண்டுபோன வழி சாமர்த்தியமானது. 1892-இல் வங்காளத்தில் ஒரு காசுக்கு ஒரு பொட்டலம் என்று தபால் நிலையங்களில் கொயினா விற்கத் தொடங்கினார்கள். மற்ற மாகாணங்களும் பின்பற்றின. மருத்துவமனை இல்லாத ஊரிலும் தபால்காரர் உண்டு. கார்டு வாங்கப் போனவர் பொட்டலமும் வாங்கி வந்தார்.

காய்ச்சல் எப்படிப் பரவுகிறது என்பது அப்போதும் தெரியாது. அதைத் தேடிக்கொண்டிருந்த ரொனால்டு ராஸ் 1897 கோடையில் விடுமுறைக்கு ஊட்டி வந்தார். ஊட்டியிலிருந்து சீகூர் மலைப்பாதையில் இறங்கி ஆராயப் போனவருக்கு அங்கேயே மலேரியா கண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் செகந்திராபாதில் கொசுவின் வயிற்றுச் சுவரில் கிருமியைக் கண்டார். நோபல் பரிசு வாங்கித் தந்த கண்டுபிடிப்புக்கு நான்கு மாதம் முன்பு கண்டுபிடிப்பாளரை நம் மலையடிவாரம் இப்படி ஒரு கை பார்த்துவிட்டது.

இதற்குள் நீலகிரிச் சிங்கோனாவுக்குச் சரிவு ஆரம்பமாகியிருந்தது. இலங்கையில் இலைத்துரு நோயால் காப்பித் தோட்டங்கள் அழிய, தோட்டக்காரர்கள் சிங்கோனாவுக்குத் தாவினார்கள். 1880-களில் சந்தையில் பட்டை குவிந்து விலை விழுந்தது. பெரிய அடி ஜாவாவிலிருந்து வந்தது. தென் அமெரிக்காவில் வாழ்ந்த ஆங்கில வணிகர் சார்லஸ் லெட்ஜருக்காக, மனுவேல் இன்க்ரா மமானி என்ற பழங்குடி உதவியாளர் வருடக்கணக்கில் காத்திருந்து நல்ல மரங்களின் விதையைச் சேகரித்தார். 1865-இல் அந்த விதையை லண்டன் வேண்டாமென்றது. டச்சுக்காரர்கள் ஒரு பவுண்டு வாங்கினார்கள். மீதியை வாங்கிய இந்தியத் தோட்டக்காரர் ஒருவர் நீலகிரியில் கொடுத்து வேறு விதைக்கு மாற்றிக்கொண்டார். இங்கே அதன் அருமை தெரியவில்லை. ஜாவாவில் வளர்ந்த அந்த மரங்களின் பட்டையில் கொயினா பத்து சதவீதத்தைத் தாண்டியது. 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகச் சந்தையில் பத்தில் ஒன்பது பங்கு ஜாவாவுக்குப் போனது. மமானியோ, மறுமுறை விதை சேகரித்தபோது பிடிபட்டு, சிறையில் அடிபட்டு, அதனாலேயே இறந்தார். மரத்துக்கு நிலைத்த பெயர் லெட்ஜருடையது.

ஆனைமலைக்கு இறக்கம்

1920-களில் சென்னை அரசு ஆனைமலையில் புதிய சிங்கோனாத் தோட்டங்களைத் தொடங்கியது. வால்பாறைப் பீடபூமியில் அதற்குமுன் கால் நூற்றாண்டாகத் தேயிலையும் காப்பியும் காட்டைத் தின்றுகொண்டிருந்தன. அடிவாரக் காய்ச்சல் கூலியாட்களை வரிசையாகப் படுக்கவைத்தது. காய்ச்சலுக்குப் பெயர்போன மலையிலேயே காய்ச்சல் மருந்து மரம் நடப்பட்டது.

அதன் உச்சக்கட்டம் போரில் வந்தது. 1942-இல் ஜப்பான் ஜாவாவைக் கைப்பற்றியதும் நேச நாடுகளுக்குக் கொயினா வருவது பெரும்பாலும் நின்றது. பர்மா எல்லைக் காடுகளில் சண்டையிட்ட சிப்பாய்களுக்கும், உள்நாட்டு மருத்துவமனைகளுக்கும் நீலகிரி, ஆனைமலை, டார்ஜிலிங் பட்டைதான் கதி. தோட்டங்கள் அவசரமாக விரிந்தன. அந்த அவசரமே மரத்துக்கு எமனாகவும் ஆனது: பட்டை கிடைக்காத நாடுகள் ஆய்வகத்தில் மாற்று மருந்துகளை உருவாக்கின. போருக்குப் பின் குளோரோகுவின் மாத்திரை மலிந்தது. 1953-இல் தேசிய மலேரியாத் திட்டம் டி.டி.டி. தெளிப்பானோடு கிராமங்களில் இறங்கியது. வீட்டுச் சுவரில் தேதி எழுதிப் போகும் மலேரியா ஊழியரை இன்றைய பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மரப்பட்டையைத் தேடுவார் குறைந்தார்கள்.

காலியாகும் சரிவுகளுக்கு அடுத்த செடி தயாராக இருந்தது. நீலகிரியில் தேயிலையை முதலில் வைத்துப் பார்த்தது 1830-களில், கேத்தி பரிசோதனைப் பண்ணையில். தியாசோலா தோட்டத்தில் தேயிலை நடச் சீனக் கைதிகள் கற்றுக்கொடுத்தார்கள் என்ற கதையை மலையில் இன்றும் சொல்வார்கள். சிங்கோனா இருந்த அரசு நிலங்களில் தேயிலை நட ஆளும் வந்தது, இந்த முறையும் கடல் கடந்து. 1964-இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவு செய்தது. நூறாண்டுக்கு மேல் அங்கே தோட்டங்களில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள், பார்த்தறியாத ‘தாய்நாட்டுக்கு’ப் பெட்டியோடு கப்பலேறினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் வனத்துறை தொடங்கிய தேயிலைத் திட்டம் 1976-இல் டான்டீ என்ற அரசு நிறுவனமானது. சிங்கோனாத் துறை மூடப்பட்டபோது அதன் தோட்டங்களும் டான்டீயிடம் சேர்ந்தன. நடுவட்டத்திலும், வால்பாறைச் சிங்கோனாவிலும் இன்று கொழுந்து எடுப்பது அந்தத் தேயிலையில்தான். 2022-இல் டான்டீ நிலத்தில் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்கே திருப்பித் தர அரசு ஆணையிட்டபோது, தொழிலாளர்களின் லயன் வீடுகளில் எழுந்த கேள்வி பழையது: இனி நாங்கள் எங்கே போவது?

யாருடைய அருங்காட்சியகம்?

நடுவட்டத்துச் சிறை இப்போது டான்டீயின் பராமரிப்பில் உள்ள சின்ன அருங்காட்சியகம். ஊட்டியிலிருந்து கூடலூர் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, இருட்டறைகளில் எட்டிப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, தேயிலைத் தூள் வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். ‘சீனக் கைதிகள் இங்கே இருந்தார்கள்’ என்ற செய்தி ஒரு வியப்பாக மனதில் தங்கும். ஏன் வந்தார்கள், என்ன செய்தார்கள், பிறகு என்ன ஆனார்கள் என்ற தொடர் அறுந்துபோகும்.

கோயம்புத்தூரில் இந்தத் தொடரைச் சேர்த்துக் கட்ட ஓர் இடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆர்.எஸ்.புரம் கவுலி பிரவுன் சாலையில், மரங்கள் அடர்ந்த வனத்துறை வளாகத்துக்குள், வனப் பாதுகாவலர் காஸ் 1902-இல் தொடங்கிய வன அருங்காட்சியகம் நிற்கிறது. நூறாண்டுக்கு மேலாக மரத்துண்டுகள், பட்டைகள், வித்துகள், பூச்சிகள், விலங்கெலும்புகள் என்று சேர்த்த இடம். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துவருவார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் தாவரவியல் பெயர், வளரும் இடம், பயன் என்று சீட்டு எழுதிவைப்பது வன அருங்காட்சியகங்களின் மரபு. அந்த மரபில் ஒரு வரி சேர்க்கச் சொல்வதுதான் என் வாதம்: இந்த மரத்தை யார் நட்டார்கள்?

இது பேராசையல்ல, பிறர் செய்துகாட்டியது. சிங்கப்பூரில் ரப்பர் வணிகத்தில் செல்வரான டான் கா கீ, தன் பூர்வ பூமியான பூஜியன் மாகாணத்தின் சியாமென் நகரில் கடல் கடந்த சீனர்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் எழுப்பினார். 1959-இல் திறந்தது. ஊரைவிட்டுப் போனவர்களின் வாழ்க்கையும் ஊரின் சொத்து என்பது அதன் நியாயம். அதே மாகாணத்தில் குவான்சோ நகரம் இன்னொரு பாடம் சொல்கிறது. 1281-இல் அங்கே தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் எடுத்துத் தமிழில் கல்வெட்டும் வெட்டினார்கள். கோயில் இடிந்து, கற்கள் ஊர்ச் சுவர்களிலும் வேறு கட்டடங்களிலும் சிதறின. அந்தக் கற்களைத் தேடியெடுத்துத் தங்கள் ஊர் வரலாறாக அந்நகரத்துக் கடல்வழி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். தமிழன் அங்கே விட்டுவந்ததைச் சீனர்கள் பாதுகாக்கிறார்கள்.

நம் பக்கக் கணக்கு இன்னும் நேராகவில்லை. நீலகிரிச் சீனர்கள் வணிகர்கள் அல்லர், கோயில் கட்டவில்லை, கல்வெட்டு விடவில்லை. அவர்கள் விட்டுப்போனது உழைப்பும், தமிழ்த் தாய்களிடம் பிறந்து தமிழர்களாகவே கலந்துவிட்ட பிள்ளைகளும். கைதிப் பதிவேடுகள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடப்பட வேண்டியவை. நீரிணைக் குடியேற்றப் பகுதிகளின் தீர்ப்பு ஏடுகளோடு ஒப்பிட்டால் சில பெயர்களாவது கிடைக்க வாய்ப்பு உண்டு. கூடலூர்ப் பக்கத்துப் பாட்டிகளிடம் இருக்கும் குடும்பக் கதைகளைப் பதிவு செய்ய ஒலிப்பதிவுக் கருவியும் பொறுமையும் உள்ள நான்கு கல்லூரி மாணவர்கள் போதும். இலங்கையிலிருந்து வந்து டான்டீ லயன்களில் முதுமை எய்தியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க அவகாசம் அதிகமில்லை.

கொங்கு நாட்டுப் பெருமை என்றால் கொடுமணல் மணிகளையும், நொய்யல் அணைக்கட்டுகளையும், பஞ்சாலைகளையும் சொல்கிறோம். சொல்ல வேண்டியவைதான். கொடுமணல் மணிகூட வெளிநாட்டு வணிகத்தின் சாட்சி அல்லவா? இந்த மண் எப்போதும் வருவோர் போவோரால் ஆனது. ஆண்டிஸ் மரம், சீனக் கைதி, இலங்கைத் தமிழர் மூவரும் ஒரே மலைச்சரிவில் ஒருவர் இடத்தில் ஒருவர் வந்து நின்றார்கள். அவர்களைச் சேர்த்து ஒரே காட்சிப் பெட்டியில் வைக்கிற அருங்காட்சியகம்தான் இந்த வட்டாரத்தின் வரலாற்றை முழுதாகச் சொன்னதாகும். அதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், கோடிகள் வேண்டாம். நடுவட்டத்துச் சிறையில் ஒரு விரிவான பலகையும், ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சிங்கோனாப் பட்டையும், அதனடியில் நான்கு வரிகளும் போதும் தொடங்குவதற்கு.